தாம்பூலம் வாங்கிய கல் மேயர்

ஜெர்மனியில், மைன் ஆற்றங்கரையில், பிர்ன்ஹைம் என்றொரு ஊர் உண்டு. அந்த ஊர்ச் சந்தைச் சதுக்கத்து நீரூற்றின் மேல் முந்நூறு வருஷமாகக் கை நீட்டியபடி நின்றிருந்த கல் மேயர், ஆனி மாதத்து ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காப்பிக்கும் நடுவே, கோவில்பட்டி செண்பகத்தின் கையால் வெற்றிலை பாக்குத் தட்டை வாங்கிக்கொண்டு பீடத்தை விட்டு இறங்கினார். இறங்கியவர் முதல் வேலையாக மீசையில் காய்ந்திருந்த புறா எச்சத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கல்யாண வேலையைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார்.

இதில் செண்பகத்தின் தப்பு என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். ஒத்திகை பார்க்கிறவள் வெறுங்கையோடு பார்த்திருக்க வேண்டும்.

எதற்கு ஒத்திகை என்றால், கூடப் பிறந்த அண்ணன் பிச்சையாவைத் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க. மகள் நித்திலாவுக்கு ஆவணியில் முகூர்த்தம். பெண்ணுக்கு முதல் மாலை போடுகிறவர் தாய்மாமன், பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டி வருகிறவர் தாய்மாமன், வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்று கும்பிட்டுப் பந்தியில் யார் இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துப் பார்த்துப் போடச் சொல்கிறவரும் அவரே. அவர் இல்லாமல் ஒரு பெண் மணவறைக்கு நடந்து வந்தால், இந்தப் பிள்ளைக்குத் தாய்வழியில் ஆளில்லை போல என்று மண்டபம் முழுக்கக் காதோடு காது பேசும். செண்பகத்துக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த ஒரே அண்ணன் அவளோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் செண்பகம் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். புருஷன் கோமதிநாயகத்தையும் கூட்டிக்கொண்டு, தட்டேந்தி, வீடு வீடாகப் படியேறி ஊரையே அழைத்தவள், அண்ணனுக்கு மட்டும் போனில், "அண்ணே, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுதோம், விடியமுன்ன வந்துருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை பால் பொங்கியது, சொந்தபந்தம் எல்லாம் வந்தது, அண்ணன் வரவில்லை. கடலைமிட்டாய்க் கடைக்காரர் அவர். பாகு பதம் ஒரு நிமிஷம் தப்பினாலும் சட்டியையே கவிழ்த்துவிடுகிற மனுஷர். போனில் அழைத்தால் அது அழைப்பா என்று மனைவி சண்முகக்கனியிடம் ஒரே ஒரு தடவை கேட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஊரில் ஒருவர் வரும் தெருவில் மற்றவர் போகாமல் ஆறு வருஷம் கெட்டிக்காரத்தனமாக ஓட்டியவர்கள், ஒரே டிராவல்ஸ்காரரிடம் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஜெர்மனிக்குப் பதிவு செய்ததால், மதுரை விமான நிலையத்தில் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பியோடு எதிரும் புதிருமாக நின்றார்கள். கோமதிநாயகம் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதைக் கொண்டாட இவர்கள். பிராங்க்பர்ட்டில் வேலை பார்க்கும் மகன் ஏற்பாட்டில் அவர்கள். திரும்பிப் போகவும் முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது.

ஆற்றுக் கப்பல் என்பது நீளமாக, குறுகலாக, ரயில் பெட்டியைத் தண்ணீரில் விட்டது போல இருக்கும். அதற்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அவர் மேல்தளத்துக்கு ஏறினால் இவள் கீழே இறங்குவாள். இவள் இடப்பக்க ஜன்னலில் திராட்சைத் தோட்டம் பார்த்தால் அவர் வலப்பக்க ஜன்னலில் கோட்டை பார்ப்பார். பருப்புப்பொடி இவளிடம் இருந்தது, நல்லெண்ணெய் அவரிடம் இருந்தது. இரண்டும் டூர் மேனேஜர் ஜெபசிங் வழியாக மேசை மாறிப் போய்ப் போய் வந்தன. ஆற்றின் குறுக்கே வரும் மதகுக்குள் கப்பல் நுழைந்து, தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் ஏறுகிற வேடிக்கையைப் பார்க்க எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடியபோது, அண்ணனும் தங்கையும் கூட்டத்தில் தோளோடு தோள் சிக்கிக்கொண்டு, எதிரே இருந்த பாசிச் சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல், மதகு திறக்கும்வரை சுவரையே ரசித்தார்கள்.

அந்தப் புதன்கிழமைதான் கப்பலில் கடைசி நாள். காலையில் ஓர் ஊர், மதியத்துக்கு மேல் ஓர் ஊர் என்று திட்டம். காலை ஊரில் கோட்டைப் படிக்கட்டு ஏறி எல்லோருக்கும் முழங்கால் கழன்றது. மரச்சட்டம் போட்ட வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, இதற்கு எப்படிப் பிளான் அப்ரூவல் கிடைத்தது என்று கோமதிநாயகம் வருத்தப்பட்டார். மறுநாள் பிராங்க்பர்ட்டில் இறங்கியதும் பிச்சையா மகன் வீட்டுக்குப் போய்விடுவார், ஆவணி கழித்துத்தான் ஊர் திரும்புவார் என்று ஜெபசிங் சொல்லியிருந்தார். ஆக, இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

செண்பகம் தயாராகத்தான் வந்திருந்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை கைப்பையில் இருந்தது. ஈரத்துணி சுற்றிய வெற்றிலை கப்பல் அறைக் குளிர்பெட்டியில் பீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வாடாமல் படுத்திருந்துவிட்டு இன்று கைப்பைக்கு மாறியிருந்தது. எவர்சில்வர் தட்டும் கொண்டுவந்திருந்தாள். அவள் கல்யாணத்துக்கு அண்ணன் சீராகக் கொடுத்த தட்டு, விளிம்பில் 'அன்பளிப்பு பிச்சையா' என்று பேர் வெட்டியது. எல்லாம் இருந்தது, வாய்தான் எழும்பவில்லை. பிர்ன்ஹைமில் ஒன்றரை மணி நேரம் சும்மா சுற்றுங்கள் என்று ஜெபசிங் விட்டதும், பிச்சையா சதுக்கத்து ரொட்டிக்கடை வாசலில் குடைக்கடியில் உட்கார்ந்து செர்ரி கேக்கை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகம் நீரூற்றுக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே கல் மேயர், தொந்தியும் மீசையுமாக, கண்டிப்பும் கவலையும் கலந்த முகத்தோடு, அச்சு அசலாக அண்ணன் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே நின்றிருந்தார். ஒரு காலத்தில் அவர் கையில் ஊர்ச் சாவி இருந்ததாம். எந்தச் சண்டையிலோ சாவி போய், விரித்த கை மட்டும் மிச்சம்.

இவரிடம் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. நீரூற்றுப் படியில் ஏறினாள், தட்டை எடுத்தாள், வெற்றிலை பாக்கு வைத்தாள், பத்திரிகையை வைத்தாள், குங்குமச் சிமிழைத் திறந்தாள், தொண்டையைச் செருமினாள்.

"அண்ணே, நம்ம நித்திலாவுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு. நீங்கதான் முன்ன நின்னு எல்லாத்தையும் நடத்திக் குடுக்கணும்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கண் கலங்கியதில் கையில் இருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல், நீட்டியிருந்த கையில் வைத்தாள். முந்நூறு வருஷமாகச் சும்மா விரிந்திருந்த கல் விரல்கள் தட்டை நிதானமாக மூடிப் பிடித்தன.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் எதுத்தாப்புல நின்னிருப்பேன்ல, ஒத்திகைக்கு?" என்று கோமதிநாயகம் பிறகு கடிந்துகொண்டார். ஆனால் காரியம் கை மீறிவிட்டது. கொடுத்த தாம்பூலத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

பிர்ன்ஹைம்காரர்கள் இதற்கெல்லாம் பதறுகிற ஜனம் இல்லை. மேயர் இறங்கிப் போவதைக் கண்ட ரொட்டிக்கடைக்காரர் ஹாஸ் தொப்பியைத் தூக்கி மதியவணக்கம் சொன்னார். பூக்கடைக்காரி, ஈரக் கல்லில் வழுக்கப் போகிறார் என்று கவலைப்பட்டாள். சதுக்கத்து மூலையில் சிவப்பு விளக்கு எரிந்ததால், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டிகூட இல்லாதிருந்தும், மேயர் பச்சை விழும்வரை நின்றுதான் தாண்டினார். அதைப் பார்த்ததும் ஊருக்கு மீதியிருந்த கொஞ்சநஞ்சக் கவலையும் போய்விட்டது. யாரோ போன் போட்டுச் சொல்லி, இப்போதைய மேயரம்மா சீக்லர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நகரசபையிலிருந்து இறங்கி வந்தார். ஜெபசிங் நம் பக்கத்து நாசரேத்துக்காரர்தான், ஆனாலும் ஜெர்மன் சரளமாகப் பேசுவார். நடந்ததை அவர் விளக்க, மேயரம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"என்ன சொல்லுதாங்க?" என்றாள் செண்பகம். "போலீஸுக்குச் சொல்லப் போறாங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. அவரு நகரசபை ஊழியராம். வேலையில சேந்த நாள்லேருந்து ஒரு நாள்கூட லீவு எடுக்கலையாம். தாராளமா எடுத்துக்கிடலாமாம்."

"அப்பாடா."

"ஆனா, லீவுல போறவருக்குப் பதில் ஆள் நிக்கணுமாம். பதில் ஆள் இல்லாம இந்த ஊர்ல ஒரு தபால்காரர்கூட லீவு போட முடியாதாம். பீடம் காலியா இருக்கக் கூடாதாம்."

அப்படியே ரொட்டிக்கடை ஹாஸ் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு பீடத்தில் ஏறிக் கை நீட்டி நின்றார். அடுப்பில் ரொட்டி தீய்கிறது என்று மனைவி கூப்பிட்டதும் அவர் இறங்க, மருந்துக்கடைக்காரர் ஏறினார். அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பூக்கடைக்காரி ஏறினாள். ஒருவர் இறங்குமுன் அடுத்தவர் வரிசையில் நின்றார். வரிசை என்று ஒன்று உண்டாகிவிட்டால் அந்த ஊரில் எதுவுமே சரியாக நடந்துவிடும்.

கல் மேயரோ இதையெல்லாம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வாங்கியது தாம்பூலம், ஒத்துக்கொண்டது கல்யாணம், அவர் பாட்டுக்கு முன்ன நின்று நடத்த ஆரம்பித்துவிட்டார். தட்டை இடக்கையில் பிடித்தபடி, நீரூற்றுத் தண்ணீரை ஒரு குவளையில் மொண்டுகொண்டு ஊர் மதில் வாசலுக்குப் போய் நின்று, உள்ளே வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளிப்பதைப் போலத் தெளித்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வரவேற்றார்; சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்று தெளித்துக்கொண்டார்கள்; சொந்த ஊருக்குள் இவ்வளவு மரியாதையாக யாரும் தங்களை வரவேற்றதில்லை என்று சுருட்டை முடிக் கிழவிகள் வெளியே போய் மறுபடி உள்ளே வந்தார்கள். அங்கிருந்து காப்பிக் கடைகளுக்கு வந்து மேசை மேசையாக நின்று, பாதி காலியான கோப்பையைச் சுட்டிக்காட்டி ஊற்றச் சொன்னார், தட்டு காலியானவர் எழுந்திருக்கப் பார்த்தால் தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்து இன்னொரு துண்டு கேக் போடச் சொன்னார், போதும் போதும் என்று கையை ஆட்டியவர்களுக்குக் கூடுதலாக இரண்டு துண்டு வைக்கச் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் பிர்ன்ஹைமில் ஒருவரும் பசியோடு இல்லை, ஒருவராலும் நடக்கவும் முடியவில்லை.

"விசாரிப்புன்னா இதுல்லா விசாரிப்பு" என்று டூரில் வந்த பெண்கள் வாய் திறந்து பாராட்டினார்கள். அவர்களுக்கு மேயர் கல்லாக இருப்பதில் ஒரு சங்கடமும் இல்லை. எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான் சங்கடம். செண்பகம் அண்ணே என்று அழைத்திருக்கிறாள், ஆகவே எங்களுக்கு அண்ணாச்சி என்று ஒருத்தி தீர்ப்புச் சொல்ல, உடனே எல்லோரும் அண்ணாச்சி அண்ணாச்சி என்று கைப்பைகளை அவரிடம் கொடுத்தார்கள். அவர் அத்தனையையும் தோளில் மாட்டிக்கொண்டார். தலை எண்ணும்போது குழப்பம் வரக் கூடாது என்று ஜெபசிங் ஒரு மஞ்சள் தொப்பியைக் கொண்டுவந்து அவருக்கு மாட்டிவிட்டார். கோமதிநாயகத்துக்கு மட்டும் வேறு கவலை.

"ஏ செண்பகம், ஏரோப்ளேன்ல ஆளுக்கு இத்தனை கிலோன்னுதான் விடுவான். இவரு எத்தனை டன்னு இருப்பாரோ."

"கொஞ்சம் சும்மா இருங்க."

அவள் பார்வை ரொட்டிக்கடை வாசலில் இருந்தது. அங்கே குடைக்கடியில் பிச்சையா கேக்கைத் தொடாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் ஏளனமாகத்தான் பார்த்தார். "பன்னீர் தெளிக்கிற லட்சணமா இது? மணிக்கட்டை லேசா ஒதறணும்" என்றார் மனைவியிடம். பிறகு கல் மேயர் மணிக்கட்டை லேசாக உதறியே தெளிக்க ஆரம்பித்ததும் அவருக்கு ஏளனம் போய் எரிச்சல் வந்தது. மேசை மேசையாக விசாரித்துக்கொண்டு வந்த மேயர் கடைசியில் அவர் மேசைக்கும் வந்து, தொடாத கேக்கைப் பார்த்து, சாப்பிடுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி தலையைச் சாய்த்தார். அப்போதுதான் தட்டு பிச்சையாவின் கண்ணுக்கு நேரே வந்தது. விளிம்பில் அவர் பேர். மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை.

"என் பேரு வெட்டுன தட்டு" என்றார் சண்முகக்கனியிடம். "என் பேரு வெட்டுன தட்டைக் கொண்டுபோய் ஒரு கல்லு கையில குடுத்திருக்கா. பாத்தியா? கல்ல அழைச்சிருக்கா. என்னை அழைக்கல."

சண்முகக்கனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், சதுக்கத்தைக் குறுக்கே கடந்து போய், மேலே நின்றவர் இறங்கவும், வரிசையில் அடுத்து நின்ற பள்ளிக்கூட வாத்தியாரை நகரச் சொல்லிவிட்டுப் பீடத்தில் ஏறிக் கையை நீட்டி நின்றார்.

வரிசையை மீறியதுதான் பிர்ன்ஹைம்காரர்களுக்கு உறுத்தியது. மற்றபடி, ஆள் பொருத்தம் அபாரமாக இருந்தது. தொந்தி சரி, மீசை சரி, முகத்தில் கண்டிப்பும் கவலையும் அதே அளவு. பூக்கடைக்காரி அண்ணாந்து பார்த்து, இவர் பழையவரைவிட அமைப்பாக இருக்கிறார் என்றாள். இரண்டு புறாக்கள் வந்து அவர் தோளில் உட்கார்ந்தன. அவர் விரட்டவில்லை.

செண்பகம் ஓடி வந்து கீழே நின்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். தலை இவ்வளவு நரைத்துவிட்டதா என்று அவளுக்குப் பகீரென்றது. ஆற்றுப் பக்கம் கப்பல் ஒரு தடவை ஊதியது.

"அண்ணே, இறங்கி வாங்க. கப்பல் கெளம்பப் போகுது."

"நான் வரல. நீ போ. கல்யாணத்த நடத்த ஆளு கெடச்சாச்சுல்லா. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன், நல்லாத்தான் செய்தாரு. எனக்குக்கூட அம்புட்டுப் பொறுமை கெடையாது."

"அவருகிட்டச் சும்மா சொல்லிப் பாத்தேண்ணே. உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

"என்கிட்ட என்ன பயம் உனக்கு?"

"மாட்டேன்னு சொல்லிட்டா? நான் அப்புறம் எங்கண்ணே போவேன்?"

மேயரம்மா ஜெபசிங்கின் தோளைத் தட்டித் தட்டி, என்ன பேச்சு, என்ன பேச்சு என்று கேட்க, அவர் அடிக்கு அடி மொழிபெயர்க்க, மேயரம்மா அதை உரக்கச் சொல்ல, சதுக்கமே அண்ணன் தங்கை பேச்சை ஜெர்மனில் கேட்டுக்கொண்டிருந்தது.

"பால் காய்ச்சுனப்ப ஏன் தட்டெடுத்து வரல?" என்றார் பிச்சையா.

"நீங்க வீட்டு ஆளுல்லாண்ணே. வீட்டு ஆள யாராவது வீட்டுக்கு அழைப்பாகளா? அந்த நெனப்புலதான் போன்ல சொன்னேன்."

"எங்க எதுத்த வீட்டு வக்கீலுக்குத் தட்டு வச்சே."

"ஆமா."

"நான் வாசல்ல நின்னேன். புது வேட்டி கட்டிக்கிட்டு நின்னேன். அடுத்து நம்ம வீட்டுக்குத்தான் வாரான்னு இவ காப்பி போட உள்ள போனா. நீ வக்கீல் வீட்டுப் படியெறங்கி, ஆட்டோல ஏறிப் போயிட்ட. காப்பிய நானே ரெண்டு டம்ளரும் குடிச்சேன்."

செண்பகத்துக்கு இது தெரியாது. ஆறு வருஷமாக, அண்ணன் வீம்பு பிடித்தவர், போனுக்கும் நேருக்கும் வித்தியாசம் பார்க்கிறவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், புது வேட்டியோடு வாசலில் நின்ற அண்ணனைக் கண்ணுக்குள் பார்த்ததும் அழுதாள். மறைத்து அழவில்லை, சதுக்கத்து நடுவில், நீரூற்றுப் படியில் உட்கார்ந்து, ஜெர்மன்காரர்கள் பார்க்கப் பார்க்க ஓவென்று அழுதாள். ரொட்டிக்கடை ஹாஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதிப் பேருக்குக் காப்பி ஆறிப்போனதுதான் துக்கம் என்று புரிந்திருந்தது. அதுவே போதுமான துக்கமாகவும் இருந்தது.

கப்பல் இரண்டாம் தடவை ஊதியது.

செண்பகம் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தட்டு வேணும்" என்றாள். கல் மேயர் கையில் இருந்த தட்டை யாரும் கேட்கவில்லை, அவரும் விரலைத் தளர்த்தவில்லை. என்ன வேண்டுமாம் என்று மேயரம்மா கேட்டார், ஜெபசிங் சொன்னார், அடுத்த நிமிஷம் பிர்ன்ஹைம் வேலையில் இறங்கியது. ஹாஸ் கேக் சுடும் தகரத்தட்டைக் கழுவிக் கொண்டுவந்தார். வெற்றிலைக்கு எங்கே போவது? வாத்தியார் தன் வீட்டுக் கொடியிலிருந்து திராட்சை இலைகளைப் பறித்து அடுக்கினார். பாக்குக்குப் பதில் மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து ஒரு பிடி ஹேசல் கொட்டை வந்தது. பூக்கடைக்காரி ஒரு சூரியகாந்தியை வைத்தாள். குங்குமம் செண்பகத்திடமே இருந்தது. பத்திரிகைதான் இல்லை.

"என்னங்க, வந்து பக்கத்துல நில்லுங்க" என்றாள் புருஷனிடம். கோமதிநாயகம், மின்வாரியத்தில் மேலதிகாரிக்கே குனியாதவர், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இருவருமாகத் தட்டை உயர்த்தினார்கள்.

"பத்திரிகை இல்லண்ணே. வாயாலதான் அழைக்கேன். நம்ம நித்திலாவுக்குக் கல்யாணம். நீங்கதான் வந்து அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். நீங்க வரலன்னா அவ நடக்க மாட்டா. என்னாலயும் பாக்க முடியாது."

"கட்டாயம் வரணும் மச்சான்" என்றார் கோமதிநாயகம், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிச்சையா வெகுநேரம் அசையாமல் நின்றார். அசலாகவே கல்லாகிவிட்டாரோ என்று பூக்கடைக்காரி பக்கத்தில் இருந்தவரைக் கிள்ளினாள். பிறகு அவர் நீட்டியிருந்த கையோடு மற்றக் கையையும் சேர்த்துத் தட்டை வாங்கிக்கொண்டார். புறாக்கள் பறந்து போயின.

"காலு மரத்துப்போச்சு" என்றார். "கையைக் குடு, செண்பகம்."

அவள் கை கொடுத்தாள். அவர் ஒரு காலை வைத்து, நின்று, மறு காலை வைத்து, தங்கை தோளில் முழுப் பாரத்தையும் போட்டு இறங்கினார். சதுக்கம் கை தட்டியது. அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த சண்முகக்கனி, இனி முடியாது என்று திறந்துவிட்டாள்.

"மதினி, ஆவணி கழிச்சு வாரோம்னு சொன்னதெல்லாம் பொய். முகூர்த்தத்துக்கு முந்தின வாரமே ஊருக்கு டிக்கெட்டு போட்டிருக்காரு. மாமன் பட்டு எடுத்தாச்சு. எங்க வச்சுட்டு வந்தாலும் மனசு கேக்காதுன்னு பெட்டியிலயே கொண்டாந்திருக்காரு. பத்து நாளா அந்தக் கப்பல் ரூம்புல தெனமும் எடுத்துப் பாத்துட்டு மடிச்சு வைக்காரு."

செண்பகம் அண்ணனை விட்டு ஒரு அடி விலகி நின்று முறைத்தாள். அழுகை போய்க் கோபம் வந்திருந்தது.

"பட்டு எடுத்து வச்சுக்கிட்டா வர மாட்டேன்னு மேல ஏறி நின்னீங்க?"

"அழைக்காம எப்படி வர முடியும்?" என்றார் பிச்சையா.

பக்கத்தில் கைப்பைகளோடு நின்ற கல் மேயர், கழுத்துக் கல் கரகரக்க, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். மஞ்சள் தொப்பி கழன்று விழுகிற அளவுக்கு ஆட்டினார்.

பிச்சையா என்ன சொன்னார் என்று மேயரம்மா ஜெபசிங்கைக் கேட்டார். ஜெபசிங் சொன்னார். மேயரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கல் மேயரைப் பார்த்தார். முந்நூறு வருஷமாக அந்த ஊர்ப் பெண்ணும் மாப்பிள்ளையும் தேவாலயத்திலிருந்து நேரே அவர் காலடிக்கு வந்து நின்றுவிட்டுத்தான் விருந்துக்குப் போவார்கள். மேயரம்மாவும் தன் கல்யாணத்தன்று வெள்ளைக் கவுனோடு அவர் பாதத்தில் பூச்செண்டு வைத்துச் சிரித்தவர்தான். அத்தனை கல்யாணத்தில் ஒருவர்கூட, சாப்பிட வாருங்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கப்பல் மூன்றாம் தடவை ஊதியபோது, பீடம் காலியாக இருந்தது. பிச்சையா கல் மேயர் முன்னால் போய் நின்று, "தாம்பூலம் வாங்கியாச்சு, நீங்களும் வந்துதான் ஆகணும் அண்ணாச்சி. வாசல நீங்க பாத்துக்கிடுங்க, பந்திய நான் பாத்துக்கிடுதேன்" என்று வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். கல் மேயர் போகலாமா என்று கேட்கிற மாதிரி மேயரம்மா பக்கம் திரும்பினார். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேயரம்மா யாரையும் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தானே பீடத்தில் ஏறி நின்று கையை நீட்டினார்.

"போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றார். "நான் நிற்கிறேன்."